மோரில் ஊறிய கோழியும் பெயரில்லாத கைகளும்



விடுமுறைக்கு வீட்டில் கோழி பொரித்தோம். உப்பு, மிளகாய்த்தூள் கலந்த மோரில் இரவு முழுக்க ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்தோம். மோரின் புளிப்பு இறைச்சியை மெதுவாக்கும், மாவு மொறுமொறுப்பாகும்.

"இது கே.எப்.சி. கண்டுபிடிச்சதா?" என்று மகன் கேட்டான்.

இல்லை. சாண்டர்ஸின் முதல் கிளைக்கடை 1952இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள் எசமான் வீட்டு அடுப்படியில் கோழி பொரித்தார்கள். விடுதலைக்குப் பின், வேர்ஜீனியாவின் கோர்டன்ஸ்வில் நிலையத்தில் தலையில் தட்டைச் சுமந்து, ரயில் ஜன்னல் வழியே விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். கடைப் பலகையில் அவர்கள் பெயர் இல்லை.

நம் தேயிலையும் அப்படித்தான். 1867, லூல்கந்துர, ஜேம்ஸ் டெய்லர் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். கொழுந்து பறித்த பாட்டிமாரின் பெயர்களை எந்தப் பாடத்தில் படிப்பிப்போம்? இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லுவோம்.