பொன் வண்டியும் பெயரிலாக் கல்லறையும்

வண்டிக்குப் பெயர் உண்டு. வண்டியை ஓட்டியவனுக்குப் பெயர் இல்லை! அமெரிக்க நாட்டுச் சர்க்கஸ் வண்டிகளின் வரலாற்றை ஒரே வரியில் உரைக்கச் சொன்னால், இதைத்தான் உரைக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. வானொலி பிறக்கவில்லை; பேசும் படம் வரவில்லை. சர்க்கஸ் வந்திருக்கிறது என்று ஊருக்கு உரைப்பது எப்படி? வண்டிகளே விளம்பரமாயின! மரத்திலே சிங்கமும் சிறகு விரித்த மங்கையரும் செதுக்கினர். செதுக்கியதன் மேல் தங்கரேக்கு ஒட்டினர். சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு இடையே மரத்துண்டுகளைப் பொருத்திச் செம்மையும் மஞ்சளும் தீட்டினர். சக்கரம் சுழன்றால், கதிரவனே தெருவில் உருண்டு வருவதுபோல் இருக்கும். வாத்தியக்காரர் வண்டி முழங்கி வரும். கூண்டு வண்டிகள் தொடரும். நீராவியால் இசையெழுப்பும் வண்டி ஊர்வலத்தை முடித்து வைக்கும். கண்டவர் களித்தனர், காசு கொடுத்துக் கூடாரம் புகுந்தனர்.

1872-இல் பார்னம் நிறுவனத்தின் சர்க்கஸ் இரயிலேறியது. திறந்த தட்டைப் பெட்டிகள் மீது வண்டிகளை வரிசையாக ஏற்றினர். குதிரை இழுக்கும், ஏர்க்காலைப் பற்றி நேராகச் செலுத்துபவன் தொழிலாளி. பிடி தவறினால் உடல் நசுங்கும். இரவில் ஏற்றுவதும், விடியலில் இறக்குவதும், மறுநாள் வேறோர் ஊரில் மீண்டும் அதுவுமே அவன் வாழ்வு!

1903-இல் பார்னம்-பெய்லி சர்க்கஸுக்காக ஒரு மாபெரும் வாத்திய வண்டி செய்யப்பட்டது. 'இரு அரைக்கோளங்கள்' என்பது அதன் பெயர். ஒரு பக்கம் கீழ்த்திசை உலகம், மறுபக்கம் மேற்றிசை உலகம். இழுப்பவை 40 குதிரைகள். நான்கு நான்காகப் பத்து வரிசை! அத்தனை கடிவாளங்களும் ஒரு மனிதனின் இரு கைகளில். தோள்வலியும் தொழில்திறனும் இன்றி இது நடக்குமா?

அத்தகைய தொழிலாளருக்குக் கிடைத்த மதிப்பு என்ன? 1918 ஜூன் 22, விடியுமுன் நேரம். ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் இரயில், இந்தியானா மாநிலத்து ஹாமண்ட் நகருக்கு அருகே பழுது காரணமாக நின்றிருந்தது. பின்னால் வந்த வெற்று இரயிலின் ஓட்டுநர் உறங்கிவிட்டார். மோதல்! இரயிலின் கடைசியில் இருந்த, தொழிலாளரும் கலைஞரும் துயின்ற மரப்பெட்டிகள் நொறுங்கின. எண்ணெய் விளக்குகளால் தீப்பற்றியது. மாண்டோர் 86 பேர்.

அவருள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சிகாகோவை அடுத்த பாரஸ்ட் பார்க் இடுகாட்டில் புதைக்கப்பட்டனர். அங்குள்ள கற்களைப் படியுங்கள், தோழர்களே! 'பெயர் தெரியாத ஆண்' என்கிறது ஒரு கல். 'மொட்டையன்' என்கிறது மற்றொன்று. 'நான்கு குதிரை ஓட்டி' என்கிறது இன்னொன்று! பலர் நாட்கூலிக்குச் சேர்ந்தவர். பட்டப்பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டவர். பெற்றவள் இட்ட பெயர் அவனோடு எரிந்தது. தொழில் மட்டும் கல்லில் நின்றது.

1920-களில் மோட்டார் வண்டிகள் தெருவை நிறைக்க, ஊர்வலங்கள் ஓய்ந்தன. வண்டிகள் பல மழையில் மக்கின. 1959-இல், ரிங்லிங் சகோதரர்கள் 1884-இல் சர்க்கஸ் தொடங்கிய பாரபூ நகரில், காட்சிச்சாலை ஒன்று எழுந்தது. எஞ்சிய வண்டிகளைத் தேடிச் சேர்த்துப் புதுப்பித்தனர். செதுக்கிய கைகளின் கலை அழியாது காத்தது நற்செயலே, போற்றுவோம்.

ஆயினும் கேட்போம்: சக்கரத்துக்குப் பொன் பூச மனம் வந்ததே, தொழிலாளியின் முழுப்பெயரை ஏட்டில் எழுத ஒரு துளி மை செலவிட ஏன் மனம் வரவில்லை? உழைப்பவனைப் பெயரிட்டு அழைப்பதே அவனை மனிதனாக மதிப்பதன் முதற்படி. அந்த முதற்படியைக்கூட ஏறாதவர்தாம், பொன் வண்டியில் ஏறி ஊர்வலம் போனார்கள்!