பெயரில்லாத 80,000 நெகட்டிவ்கள்: டீனி ஹாரிஸ் காப்பகம் உருவான கதை

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 1970களில் பென் ஹில்ஸ் பகுதியில் எழுந்த வெங்கடேஸ்வரர் கோயில். மற்றது, ஆண்ட்ரூ கார்னெகியின் எஃகு ஆலைகள். இந்தப் பட்டியலில் மூன்றாவதாகச் சேர்க்கத் தக்கது அந்த நகரில் இருக்கும் ஒரு நெகட்டிவ் காப்பகம். கார்னெகி 1895இல் நிறுவிய கலை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 80,000 நெகட்டிவ்கள் பாதுகாக்கப்படுகின்றன. அத்தனையும் ஒரே மனிதர் எடுத்தவை. அவர் சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ், ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ வார இதழின் புகைப்படக்காரர். அமெரிக்க நகரம் ஒன்றில் வாழ்ந்த கறுப்பின மக்களின் அன்றாடத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் தொகுப்புகள் வெகு சிலவே.

ஆனால் இவை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தபோது பெரும்பாலானவற்றில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. படத்தில் இருப்பவர்களையும் அவர்கள் உறவினர்களையும் தேடிப் பிடித்துக் கேட்ட பிறகுதான் அந்தத் தொகுப்பு காப்பகம் ஆயிற்று. இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சொல்கிறது.

குன்றும் கூரியரும்

பிட்ஸ்பர்க் நகர மையத்தை ஒட்டி எழும் மேட்டுப்பகுதி ஹில் டிஸ்ட்ரிக்ட். யூதர், இத்தாலியர், சிரியர் எனப் பல நாட்டவர் வந்து குடியேறிய இடம். முதல் உலகப் போர்க் காலத்தில் எஃகு ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே வந்தார்கள். மற்ற பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுப்பவர் குறைவு. ஆகவே குன்றிலேயே குடியிருந்து, குன்றிலேயே கடை வைத்து, குன்றிலேயே கோயில் கண்டார்கள். வைலி அவென்யூவும் சென்டர் அவென்யூவும் அவர்களுடைய கடைவீதிகள் ஆயின.

இவர்கள் வீட்டுத் திருமணமோ, கடைத் திறப்பு விழாவோ, பிள்ளைகளின் பட்டமளிப்போ நகரத்தின் பெரிய நாளிதழ்களில் இடம் பெறுவது அரிது. குற்றச் செய்தி என்றால் மட்டும் இடம் கிடைத்துவிடும். அந்தக் குறையைத் தீர்த்தது கூரியர். ஹெய்ன்ஸ் உணவுத் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்த எட்வின் ஹார்ல்ஸ்டன் 1907இல் தொடங்கிய இதழ் அது. பிறகு வழக்கறிஞர் ராபர்ட் வான் ஆசிரியர் பொறுப்பேற்று அதை நாடறிந்த பத்திரிகையாக வளர்த்தார். புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினச் சிப்பந்திகள் இதழ்க் கட்டுகளைத் தென் மாநிலங்கள்வரை கொண்டு சேர்த்தார்கள். 1942இல், வெளிநாட்டில் பாசிசத்தையும் உள்நாட்டில் நிறவெறியையும் ஒருசேர வெல்ல வேண்டும் என்று ‘இரட்டை வெற்றி’ இயக்கத்தைக் கூரியர் தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் அதன் விற்பனை மூன்றரை லட்சம் பிரதிகளை எட்டியது. அந்தப் பக்கங்களை நிரப்ப வாரந்தோறும் படங்கள் வேண்டும். அதற்கு வாய்த்தவர்தான் ஹாரிஸ்.

அண்ணனின் கடை, தம்பியின் கேமரா

ஹாரிஸ் 1908இல் குன்றிலேயே பிறந்தவர். பெற்றோர் அங்கு விடுதி நடத்தினார்கள். அண்ணன் வில்லியம் ‘வூகி’ ஹாரிஸ் வைலி அவென்யூவில் கிரிஸ்டல் என்ற முடிதிருத்தகம் வைத்திருந்தார். முன்புறம் சவரம், பின்புறம் வேறு தொழில். நம் ஊரில் ‘மூணு நம்பர் லாட்டரி’ என்பார்களே, அதே வகை ஆட்டத்தை வூகியும் அவர் நண்பர் கஸ் கிரீன்லீயும் பிட்ஸ்பர்க்கில் பெரிய அளவில் நடத்தினார்கள். சட்டப்படி குற்றம்தான். ஆனால் வங்கிகள் கறுப்பின வியாபாரிகளுக்குக் கதவைச் சாத்திய காலத்தில், கடை வைக்க முதலும் வீட்டுக் கடனுக்குத் தவணையும் இப்படிப்பட்டவர்களிடமிருந்தே கிடைத்தன. கிரீன்லீ அந்தப் பணத்தில் கிராஃபோர்ட் கிரில் என்ற உணவகமும் ஜாஸ் அரங்கும் நடத்தினார். பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் பேஸ்பால் அணியை வாங்கினார். 1932இல் அதற்கெனத் தனி மைதானமே கட்டினார்.

டீனி ஹாரிஸும் இளமையில் அந்த அணியின் தொடக்க நாட்களில் ஆடியவர். 1930களில் கேமரா வாங்கி, சென்டர் அவென்யூவில் ஸ்டுடியோ திறந்தார். கூரியருக்கு முதலில் அவ்வப்போதும், பின்னர் நிலையாகவும் படம் எடுத்தார். 1975 வரை இந்தப் பணி தொடர்ந்தது. யாருடைய கடை, யாருடைய மகள், யார் யாருக்கு மைத்துனர் என்பதெல்லாம் தெரிந்த உள்ளூர்க்காரர் என்பதால் வெளியாட்கள் நுழைய முடியாத வீடுகளும் சபைகளும் அவருக்குத் திறந்தன.

‘ஒன் ஷாட்’

ஹாரிஸ் கையில் இருந்தது ஸ்பீட் கிராஃபிக். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் அடையாளமே அந்தக் கேமராதான். நான்குக்கு ஐந்து அங்குலத் தாள் ஃபிலிம். ஒரு ஹோல்டரில் இரண்டு தாள். ஒரு படம் எடுத்ததும் ஒளி மறைக்கும் தகட்டைச் செருகி, ஹோல்டரைத் திருப்பிப் போட்டு, எரிந்துபோன ஃபிளாஷ் பல்பைக் கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டும். ஃபிலிமும் பல்பும் காசு. நாளிதழ்க்காரர்கள் பிரமுகர்களை மறுபடி மறுபடி நிற்க வைத்து எடுத்தபோது, ஹாரிஸ் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இதைக் கவனித்த மேயர் டேவிட் லாரன்ஸ் வைத்த பட்டப்பெயர்தான் ‘ஒன் ஷாட்’.

அந்த ஒரே படத்துக்குள் சிக்கியவர்களின் பட்டியல் நீளமானது. டியூக் எலிங்டன், லூயி ஆம்ஸ்ட்ராங், லீனா ஹார்ன், ஜாக்கி ராபின்சன், மார்ட்டின் லூதர் கிங், முகமது அலி, அதிபர் கென்னடி என்று பிட்ஸ்பர்க் வழியாகப் போன பெரியவர்கள் பலர் அதில் உண்டு. ஆனால் தொகுப்பில் பெரும்பங்கு இவர்களுடையது அல்ல. பள்ளி வாசல், சபை விருந்து, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள், விபத்துக்குள்ளான கார், வேலைநிறுத்த மறியல், அழகிப் போட்டி, தெருவில் விளையாடும் பிள்ளைகள் ஆகியவையே அதிகம்.

கடைவீதியின் முகங்கள்

இவற்றுக்கிடையே வியாபாரிகளின் படங்கள் தனி வரிசையாக நிற்கின்றன. முடிதிருத்துபவர், மருந்துக் கடைக்காரர், மளிகைக்காரர், இறுதிச் சடங்கு நிலையம் நடத்துபவர், உணவக உரிமையாளர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் தொழிலிடத்திலேயே ஹாரிஸ் எடுத்தார். முதலாளி கல்லாவுக்கு அருகில் நிற்பார். பணியாளர்கள் சுற்றி நிற்பார்கள். பின்னால் விலைப்பலகையும் அடுக்கிய டப்பாக்களும் தெரியும். பத்திரிகைக்கு அது ஒரு செய்திப் படம். கடைக்காரருக்கோ, தான் இந்த ஊரில் தொழில் செய்கிறேன் என்பதற்கு அச்சில் வந்த சான்று.

அழகு நிலையங்களின் படங்களில் பெண் முதலாளிகள் ஏராளம். கறுப்பினப் பெண்களின் கூந்தல் பராமரிப்பைப் பெருந்தொழிலாக்கிய மேடம் சி. ஜே. வாக்கர் 1908 முதல் 1910 வரை பிட்ஸ்பர்க்கில் இருந்துதான் தொழில் நடத்தினார்; பயிற்சிக் கல்லூரியும் திறந்தார். ஹாரிஸின் படங்களில் வரிசையாகத் தெரியும் நாற்காலிகளும் சூடேற்றும் சீப்புகளும் அந்தப் பரம்பரையில் வந்தவை.

வாடகைக் கார்கள் இன்னொரு அத்தியாயம். நகரின் பெரிய டாக்சி நிறுவனங்கள் குன்றுக்குச் சவாரி வர மறுத்தன. அதனால் கறுப்பினத்தவரே ஆவுல் கேப் போன்ற நிறுவனங்களை நடத்தினார்கள். உரிமம் இல்லாமல் சொந்தக் காரில் சவாரி ஏற்றிய ‘ஜிட்னி’ ஓட்டுநர்களும் இருந்தார்கள். குன்றில் பிறந்த நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பின்னாளில் ‘ஜிட்னி’ என்றே ஒரு நாடகம் எழுதினார். அந்த உலகத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் வர வேண்டிய இடம் ஹாரிஸின் நெகட்டிவ்கள்.

இடித்தவர் யார்?

1956இல் கீழ்க்குன்றுப் பகுதியில் இடிப்பு தொடங்கியது. நகர மறுமலர்ச்சி என்று அதற்குப் பெயர். சுமார் 95 ஏக்கர் நிலம் காலி செய்யப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தார்கள். 400க்கும் மேற்பட்ட கடைகளும் தொழிலகங்களும் மூடப்பட்டன. பெத்தேல் ஏஎம்இ தேவாலயமும் தப்பவில்லை. அந்த நிலத்தில் கூரை திறந்து மூடும் சிவிக் அரீனா 1961இல் எழுந்தது. இந்த மறுமலர்ச்சித் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் மேயர் டேவிட் லாரன்ஸ். ஹாரிஸுக்கு ‘ஒன் ஷாட்’ என்று செல்லப்பெயர் வைத்தவரும் அவரே.

ஹாரிஸ் இடிபாடுகளையும் எடுத்தார். அடுத்த கட்ட இடிப்பை எதிர்த்து, இதைத் தாண்டி மறுசீரமைப்பு கூடாது என்று சென்டர் அவென்யூ முனையில் குன்று மக்கள் வைத்த பெரிய அறிவிப்புப் பலகையையும் எடுத்தார். அப்போது அவை வாரச் செய்திகள். கட்டடங்கள் மறைந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. எந்த முனையில் எந்தக் கடை இருந்தது, அதன் பெயர்ப் பலகை எப்படி இருந்தது என்பதைக் காட்ட இந்த நெகட்டிவ்களைப் போல வேறு சான்று இல்லை.

வழக்கும் அருங்காட்சியகமும்

ஹாரிஸ் நெகட்டிவ்களைத் தன்னிடமே வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பின், 1980களில், ஒரு வணிகரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அவற்றை ஒப்படைத்தார். சிறு தொகை முன்பணம்; படங்கள் விற்றால் ராயல்டி என்பது பேச்சு. வாக்களித்த பணம் வரவில்லை என்று ஹாரிஸ் தரப்பு நீதிமன்றம் சென்றது. வழக்கு நடக்கும்போதே, 1998 ஜூனில், தொண்ணூறு வயது நிறையச் சில வாரங்கள் இருக்கையில் ஹாரிஸ் காலமானார். குடும்பத்தார் வழக்கைத் தொடர்ந்து வென்று நெகட்டிவ்களை மீட்டார்கள். 2001இல் கார்னெகி கலை அருங்காட்சியகம் குடும்பத்திடமிருந்து மொத்தத் தொகுப்பையும் விலைக்கு வாங்கியது.

இவர் யார் தெரிகிறதா?

வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பெயரற்ற தாள்கள். அசிடேட் ஃபிலிமுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈரமும் வெப்பமும் பட்டால் காடி வாடை வீசத் தொடங்கிச் சுருங்கிப்போகும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் சிதைவின் வேகத்தைக் குறைக்கலாம். அது பணமும் இயந்திரமும் செய்து கொடுக்கும் வேலை. ஸ்கேன் செய்வதும் அப்படியே. படத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்ல எந்த இயந்திரமும் இல்லை.

எனவே அருங்காட்சியகம் மக்களிடம் போயிற்று. 2003இல் அடையாளம் தெரியாத படங்களையே கண்காட்சியாக வைத்து, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டது. குன்றில் வளர்ந்த முதியவர்கள் வந்து பெயர் சொன்னார்கள். வாய்மொழி வரலாறுகள் பதிவாயின. அமெரிக்க அரசின் தேசிய மானுடப் புலங்கள் அறக்கொடை பட்டியலிடும் பணிக்கு நிதி தந்தது. ஆள் சொல்லாத இடத்தில் பொருள்கள் சொல்லின. காரின் மாடல், நம்பர் பிளேட், சுவரில் தொங்கிய நாட்காட்டி, திரையரங்கின் பெயர்ப் பலகை ஆகியவற்றைக் கொண்டும், கூரியரின் பழைய இதழ்களில் அச்சான படத்தோடு ஒப்பிட்டும் காலம் கணித்தார்கள்.

இந்தப் பணியின் தடம் அருங்காட்சியகப் பட்டியலில் அப்படியே தெரிகிறது. பெயர் தெரிந்த படத்தின் தலைப்பில் இடமிருந்து வலமாக அத்தனை பேரும் இருப்பார்கள். தெரியாதபோது, வெளிர்நிற உடை அணிந்த பெண், கோடு போட்ட சட்டைச் சிறுவன், பின்னால் இன்ன தெரு என்று கண்ணுக்குப் பட்டது மட்டும் இருக்கும். தேதி தெரியாவிட்டால் பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளியே தேதி. ஊகத்தை உண்மையாக எழுதிவிடாத இந்த ஒழுங்கினால்தான், பின்னால் ஒருவர் வந்து சரியான பெயரைச் சொல்லும்போது சேர்க்க முடிகிறது.

காப்பகத்தில் சமூகத் தொடர்புப் பொறுப்பேற்ற சார்லீன் ஃபோகி-பார்னெட், சிறுமியாக ஹாரிஸின் கேமராவுக்கு முன் நின்றவர். குன்றின் குடிமை உரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான பிஷப் சார்லஸ் ஃபோகியின் மகள். முதியவர்களிடம் அவர் பெயர் கேட்கும்போது அது விசாரணையாக இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பழங்கதை பேசுவதாக அமைந்தது.

2011 அக்டோபரில் ஹாரிஸின் பெருங்கண்காட்சி திறந்தது. ஏறத்தாழ ஆயிரம் படங்கள், ஜாஸ் இசை பின்னணியில், பெரிய திரைகளில் ஓடின. குன்றின் கடைவீதியை விழுங்கிய சிவிக் அரீனாவை இடிக்கும் வேலையும் அதே இலையுதிர் காலத்தில்தான் தொடங்கியிருந்தது. அரங்கம் நின்றது ஐம்பது ஆண்டுகள். இன்று காப்பகத்தின் பெரும்பகுதி இணையத்தில் திறந்து கிடக்கிறது. அருங்காட்சியகத்தில் ஹாரிஸுக்கென நிலையான கூடமும் உண்டு.

நமக்கு என்ன?

நம் பத்திரிகை அலுவலகங்களிலும் ஊர் ஸ்டுடியோக்களிலும் நெகட்டிவ் உறைகள் இன்னும் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்ட உதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்னாக்கம் செய்து வழிகாட்டியிருக்கிறது. கடை திறப்பு, வணிகர் சங்கக் கூட்டம், பொருட்காட்சி எனப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துத் தள்ளியவற்றுக்கும் அதே கவனிப்பு வேண்டும்.

ஒழுங்காகத் திட்டமிடுபவர்கள் முதலில் ஸ்கேனரும் குளிர்பதன அறையும் கேட்பார்கள். பிட்ஸ்பர்க் அனுபவம் வேறு வரிசையைச் சொல்கிறது. ஃபிலிமின் சிதைவைக் குளிரில் வைத்துத் தள்ளிப்போடலாம். படத்தில் இருப்பவரைப் பார்த்து “இது எங்க மாமா கடை” என்று சொல்லக்கூடியவரின் வயதைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே நிதி வரும்வரை காத்திராமல், உறையைப் பிரித்து, ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, பெயர் கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு லைட் பாக்ஸும் போதும்.