உலகக் கோப்பையே ஆடாத பீலே

பீலேன்னா ஃபுட்பால் பார்க்காதவங்களுக்கும் தெரியும். மூணு உலகக் கோப்பை ஜெயிச்ச பிரேசில்காரர். ஆனா உலகக் கோப்பையில ஒரு ஆட்டம் கூட ஆடாத பீலே ஒருத்தர் இருக்காருங்க. கானா நாட்டு மிட்ஃபீல்டர் அபெடி அயூ. (கானான்னதும் பாட்டுன்னு நினைச்சுடாதீங்க, இது மேற்கு ஆப்பிரிக்கா!) 'பீலே' அவருக்கு ரசிகர்கள் கொடுத்த பட்டப்பேர். அதுவே நிலைச்சுப் போச்சு.

1982-ல் லிபியாவில் கானா ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயிச்சப்போ அவருக்கு 17 வயசு. கானாவுக்கு அது நாலாவது கோப்பை. அப்புறம் இன்னிக்கு வரைக்கும் அஞ்சாவது வரலை.

பத்து வருஷம் கழிச்சு, 1992-ல் அபெடிதான் கேப்டன். அரையிறுதியில் நைஜீரியாவுக்கு எதிரா தலையால முட்டி ஒரு கோல் போட்டார். அதே ஆட்டத்துல ஒரு மஞ்சள் அட்டையும் வாங்கினார். அதனால இறுதி ஆட்டத்துல ஆட முடியலை. ஐவரி கோஸ்ட்டோட கோலே இல்லாம முடிஞ்ச அந்த ஆட்டம் பெனால்டியில 11-10-னு கானா கையை விட்டுப் போச்சு.

1993-ல் மியூனிக். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். மார்செய் அணிக்காக அபெடி அடிச்ச கார்னரை பசீல் போலி தலையால முட்ட, 1-0. எதிர்ல நின்னது சாதாரண அணியில்லை, ஏசி மிலான்!

அப்படிப்பட்டவர் ஏன் உலகக் கோப்பை ஆடலை? கானா தகுதிச் சுற்றுகள்ல தேறலைங்கறது நேரான பதில். ஆனா கணக்கையும் பாருங்க. 1966-ல் ஆப்பிரிக்காவுக்குன்னு தனி இடமே இல்லை. அதை எதிர்த்து கானா முன்ன நிக்க, கண்டமே போட்டியைப் புறக்கணிச்சது. 1970-ல் ஒரு இடம் கிடைச்சது. 1982-லேர்ந்து 1990 வரை ரெண்டே இடம். கண்டம் முழுக்க துண்டு போட்டுக் காத்திருக்க, சீட்டு ரெண்டுதான். அபெடியோட இளமை அங்கேயே போயிடுச்சு. 1994-ல் மூணு, 1998-ல் அஞ்சு. கானா முதல்முறையா உள்ளே போனது 2006-ல். அதுக்குள்ள இவர் ஓய்வு பெற்றாச்சு.

இன்னொரு கதவும் இப்படித்தான். ஃபிரான்ஸ் ஃபுட்பால் பத்திரிகை 1991, 92, 93-னு மூணு வருஷமும் இவரை ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரராத் தேர்ந்தெடுத்துச்சு. அதே பத்திரிகை கொடுத்த பலோன் தோர் விருதுக்கு மட்டும் ஐரோப்பியரா இருக்கணும்னு விதி. 1995-ல் விதியை மாத்தினாங்க. அந்த வருஷமே லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வாங்கிட்டார். அப்போ திறமை முன்னாடியே இருந்துருக்கு, வாசல்தான் இல்லை.

அபெடியின் மகன் ஆண்ட்ரே அயூ 2010 உலகக் கோப்பையில ஆடினார். மஞ்சள் அட்டைகளால உருகுவேயோட காலிறுதியில ஆட முடியலை. கானா பெனால்டியில தோத்துச்சு. அப்பன் கதையேதான்! 2015 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில ஆண்ட்ரே இருந்த கானாவை மறுபடியும் அதே ஐவரி கோஸ்ட், மறுபடியும் பெனால்டியில, 9-8-னு ஜெயிச்சது.

2026 உலகக் கோப்பையில ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது நேரடி இடம். "உலகக் கோப்பை ஆடாதவன் எல்லாம் பெரிய ஆட்டக்காரனா?"ன்னு யாராவது கேட்டா, அந்த ரெண்டு சீட்டுக் கணக்கைச் சொல்லுங்க. கால்ல குறை இல்லைங்க, காலத்துலதான்.