லேப்டாப் ரேம்: பொருந்துமா, பொருந்தாதா? ஒரு சிறு வரலாறு

லேப்டாப் வேகம் குறைந்துவிட்டால் பலரும் முதலில் நினைப்பது, "இன்னொரு ரேம் போட்டால் சரியாகிவிடும்" என்பதுதான். பல நேரங்களில் அது நல்ல யோசனையே. புது லேப்டாப் வாங்குவதைவிடச் செலவு மிகக் குறைவு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ரேம் ஸ்லாட்டில் நுழையாமல் போவதும் உண்டு. நுழைந்த பிறகும் திரை கறுப்பாகவே நிற்பதும் உண்டு. இதற்கான காரணம் ரேமின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆளுக்கொரு அளவு

1990களின் தொடக்கத்தில் பல லேப்டாப்களுக்கு அந்தந்த மாடலுக்கென்றே செய்த மெமரி கார்டுதான் போட முடியும். ஒரு கம்பெனியின் கார்டு இன்னொரு கம்பெனியின் லேப்டாப்பில் பொருந்தாது. வாங்குபவருக்கு வேறு வழி இல்லை என்றால் விலையை விற்பவர்தானே முடிவு செய்வார்!

இதை மாற்றியது ஜெடெக். 1958-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பில், சிப் தயாரிப்பவர்களும் கணினி தயாரிப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பொது அளவுகளை வகுக்கிறார்கள். அப்படி வந்ததுதான் 'சோடிம்'. டெஸ்க்டாப் ரேமில் ஏறத்தாழ பாதி நீளம். முதலில் 72 பின், பிறகு எஸ்டிரேம் காலத்தில் 144 பின். யார் தயாரித்தாலும் ஒரே அளவு என்றானதும் போட்டி வந்தது; வாங்குபவருக்குத் தேர்வும் வந்தது.

ஒரு சிறு வெட்டு

அதன் பிறகு தலைமுறைகள் மாறின. தர அளவு வெளியான ஆண்டும், லேப்டாப் ரேமின் பின் எண்ணிக்கையும், மின்னழுத்தமும் இவை:

டிடிஆர் (2000) - 200 பின், 2.5 வோல்ட்
டிடிஆர்2 (2003) - 200 பின், 1.8 வோல்ட்
டிடிஆர்3 (2007) - 204 பின், 1.5 வோல்ட்
டிடிஆர்4 (2012) - 260 பின், 1.2 வோல்ட்
டிடிஆர்5 (2020) - 262 பின், 1.1 வோல்ட்

முதல் இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் 200 பின்தான். ஆனால் மின்னழுத்தம் வேறு, சிக்னல் முறையும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் சேதம் வரலாம். அதனால் கார்டின் அடியில் உள்ள சிறு வெட்டைச் சற்றே நகர்த்தி வைத்தார்கள். தவறான கார்டு உள்ளே போகாது. அழுத்தித் திணிப்பவர்களுக்குத்தான் ஆபத்து!

வெட்டு சொல்லாதவை

எல்லாவற்றையும் வெட்டு காட்டிக்கொடுக்காது. 2010-இல் டிடிஆர்3எல் வந்தது. அதே 204 பின், அதே வெட்டு, ஆனால் 1.35 வோல்ட். இந்த ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும். மறுபக்கம் அப்படியில்லை. 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை கோர் செயலி கொண்ட பல லேப்டாப்கள் 1.35 வோல்ட் ரேமை மட்டுமே ஏற்றன. பழைய டிடிஆர்3 அழகாக உள்ளே உட்காரும். லேப்டாப் மட்டும் எழாது.

இன்னொன்று கொள்ளளவு. 2006-இல் வந்த லேப்டாப்களில் இருந்த இன்டெல் 945 சிப்செட்டால் 4 ஜிபிக்கு மேல் முகவரி கொடுக்க முடியாது. அதிலும் ஒரு பகுதி மற்ற சாதனங்களுக்குப் போய்விடும். இரண்டு 2 ஜிபி கார்டு போட்டாலும் பயன்படுவது 3 ஜிபி சொச்சம்தான். மீதிக்குக் கொடுத்த பணம் வீண்.

வேகத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. கூடுதல் வேகமுள்ள கார்டு பொதுவாக லேப்டாப்பின் வேகத்துக்கு இறங்கி ஓடும்.

ஸ்லாட்டே இல்லாத காலம்

2008-இல் வந்த மேக்புக் ஏரில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. லேப்டாப்கள் மெலிய மெலிய, மற்ற கம்பெனிகளும் இந்த வழிக்கு வந்தன. 2022-இல் டெல் தன் பிரிசிஷன் லேப்டாப்பில் 'கேம்' என்ற கழற்றக்கூடிய தட்டையான ரேமைக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் ஜெடெக் அதன் வழியில் 'கேம்2' என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. ஒரு கம்பெனியின் அளவு மறுபடியும் பொது அளவானது.

ஆகவே கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகள்: ஸ்லாட் இருக்கிறதா? எந்தத் தலைமுறை? எத்தனை வோல்ட்? அதிகபட்சம் எத்தனை ஜிபி? முதலுக்கும் கடைசிக்கும் லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலில் விடை இருக்கும். நடுவில் உள்ள இரண்டுக்கு ஏற்கெனவே உள்ள ரேமின் லேபிளே போதும். அதில் 'பிசி3' என்றிருந்தால் 1.5 வோல்ட், 'பிசி3எல்' என்றிருந்தால் 1.35 வோல்ட். அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் வாங்கினால் பணம் போய்விடும்.