சமையலறைக்கு வந்த எஸ்பிரெஸோ

எஸ்பிரெஸோ இயந்திரங்களின் மூதாதைக்கு 1884ஆம் ஆண்டு மே 16 அன்று இத்தாலியின் டூரின் நகரில் காப்புரிமை கிடைத்தது. அதைப் பெற்ற ஆஞ்சலோ மொரியோண்டோ ஹோட்டல் நடத்தியவர். அந்த ஆண்டு டூரினில் நடந்த பொதுக் கண்காட்சியில் அவர் வைத்த கருவி, காத்திருக்கும் கூட்டத்துக்கு ஒரே மூச்சில் காபி வடிப்பதற்கானது. அதை விற்பனைக்கு விடாமல் தம் கடைகளிலேயே வைத்துக்கொண்டதால் அவர் பெயர் வெகுகாலம் மறந்துபோயிருந்தது.

ஒரு கோப்பைக்கு ஒரு தடவை என்ற முறையை 1901இல் கொண்டுவந்தவர் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸேரா. கைப்பிடி வைத்த சிறு கிண்ணத்தில் காபித்தூளைப் போட்டு, பாய்லரோடு இணைந்த வாயில் மாட்டித் திருகி, நீராவியின் தள்ளலில் வெந்நீரைச் செலுத்துவது அவருடைய ஏற்பாடு. இன்றைய வீட்டு இயந்திரங்களிலும் உள்ள போர்ட்டாஃபில்டர் இதன் நேர் வாரிசு. பெஸேராவிடம் வடிவமைப்பு இருந்தது, பணம் இல்லை. காப்புரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி 1905இல் நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டு மிலானில் நடந்த சர்வதேசக் கண்காட்சி இந்தக் காபியை ஊரறியச் செய்தது.

அந்தக் கால இயந்திரங்கள் உயரமான பித்தளைக் கோபுரங்கள். உச்சியில் கழுகுச் சிலை, பக்கவாட்டில் அழகு வேலைப்பாடு. காபி மட்டும் அவ்வளவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நீராவி தரும் அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார் அளவுதான். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் பாய்லரை மேலும் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் கொதிநிலையைத் தாண்டிய நீர் தூளைத் தீய்த்துவிடும். வேகமும் வேண்டும், தூளும் கருகக் கூடாது என்றால் அழுத்தத்தையும் சூட்டையும் தனித்தனியே பிரித்தாக வேண்டும். அடுத்த நூறு ஆண்டுகளில் வந்த முக்கியமான மாற்றங்கள் பெரும்பாலும் இந்தப் பிரிப்பில் ஒவ்வொரு படிதான். கடைக்காரர்கள் முன்னே ஏறினார்கள். வீடு பின்னால் வந்தது.

வீடு பின்தங்கியதற்கு எடையும் விலையும் மட்டும் காரணம் அல்ல. காபிக்கடை விலைக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரம் 1911இல் இத்தாலிய நகராட்சிகளுக்குக் கிடைத்தது. கவுண்டரில் நின்றபடி குடிக்கும் காபி மலிவாகவே இருந்தது. தெருமுனையில் மலிவாகக் கிடைப்பதற்காக யாரும் வீட்டில் இயந்திரம் வாங்கப்போவதில்லை. வீட்டுக்கு 1933இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் மோக்கா பாத்திரம் வந்தது. எண்கோண அலுமினியப் பாத்திரம். அடுப்பில் வைத்தால் அடியிலுள்ள நீர் நீராவி அழுத்தத்தில் தூளினூடே மேலே ஏறும். எஸ்பிரெஸோ அல்ல என்றாலும் பெஸேரா காலத்துக் காபிக்குத் தூரத்து உறவு. இத்தாலியச் சமையலறைகளில் இன்றும் அதன் இடம் பெரிதாக அசையவில்லை.

நம் கல்யாண வீடுகளில் ‘எக்ஸ்பிரஸோ’ என்று போட்டுக் கொடுக்கிற, மேலே கோக்கோ தூள் தூவிய நுரைக் காபியும் இந்த நீராவிக் காலத்தின் பக்கமே சாய்கிறது. அதில் நீராவிக்கு உள்ள வேலை பாலைக் காய்ச்சி நுரைக்க வைப்பது. தூளினூடே அழுத்தத்தில் நீர் போவதே இல்லை.

உண்மையான திருப்பம் அக்கீலே காஜ்ஜியாவினுடையது. மிலானில் காபிக்கடை வைத்திருந்த அவர் நீராவியைத் தூளிடம் அண்டவிடாத முறை ஒன்றுக்கு 1938இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போர் முடிந்தபின் 1947இல் அது லீவரும் ஸ்பிரிங்கும் கொண்ட பிஸ்டனாக முதிர்ந்தது. லீவரை இழுத்தால் ஸ்பிரிங் இறுகி, பாய்லரிலிருந்து கொஞ்சம் வெந்நீர் உருளைக்குள் இறங்கும். விட்டதும் ஸ்பிரிங் விரிந்து எட்டு, ஒன்பது பார் அழுத்தத்தில் நீரைத் தூளுக்குள் செலுத்தும். அழுத்தத்துக்கு நீராவி தேவையில்லாமல் போனது. கோப்பையின் மேல் பொன்பழுப்பு நுரை படர்ந்தது முதன்முதலாக இந்த முறையில்தான். ஏதோ கலப்படம் என்று சந்தேகித்தவர்களுக்காக, அது காபியின் இயல்பான கிரெமா என்று இயந்திரத்திலேயே எழுதி வைக்க வேண்டியிருந்தது.

இதே லீவரைச் சுருக்கி 1952இல் காஜ்ஜியா நிறுவனம் வீட்டுக்காக ‘கில்டா’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. நிலைத்து நின்றது 1961இல் பவோனி வெளியிட்ட ‘எவ்ரோபிக்கோலா’. இதில் ஸ்பிரிங் இல்லை. அழுத்துவது காபி போடுபவரின் கை. சின்ன பாய்லர், குரோம் பூச்சு, கறுப்புக் கைப்பிடி. 1973இல் வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ரோஜர் மூர் தம் வீட்டில் காபி போடுவது இதில்தான். பார்க்க அழகான இந்த இயந்திரம் பழக்கத்துக்குக் கடினமானது. பாய்லரில் நீர் நூறு டிகிரியைத் தாண்டியே இருக்கும். காபி இறங்கும் உலோகத் தலை அந்தச் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சித் தணிக்க வேண்டும். முதல் கோப்பைக்குத் தலை குளிர்ந்திருக்கும், மூன்று நான்கு கோப்பைகளில் சூடேறிப் போகும், காபி கசக்கும். ஆறவிடுவதைத் தவிர வழியில்லை. அழுத்தத்தைப் பிரித்தாயிற்று, சூடு இன்னும் அடங்கவில்லை.

அதே 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் எர்னெஸ்தோ வாலெந்தே ‘இ61’ என்ற கடை இயந்திரத்தை வெளியிட்டார். அவ்வாண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஒட்டி வைத்த பெயர் அது. லீவரின் வேலையை மின்பம்ப் எடுத்துக்கொண்டது. நீராவிப் பாய்லருக்குள் ஒரு குழாய் ஓட, அதனூடே புதுநீர் சென்று சூடாகும். தேங்கிக் கொதிக்கும் நீர் கோப்பைக்கு வராது. நான்கு கிலோ அளவுக்குக் கனமுள்ள பித்தளைத் தலைக்குள் வெந்நீர் தானே சுற்றி வந்து சூட்டைச் சீராக வைத்திருக்கும். இந்தத் தலை இன்றும் பல நிறுவனங்களின் வீட்டு மாடல்களில் அப்படியே இருக்கிறது. கடையில் நாள் முழுக்க எரிந்த இயந்திரத்துக்கு அந்தக் கனம் வரமாயிற்று. காலையில் இரண்டே கோப்பை போடும் வீட்டில் தலை சூடாக அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். வாங்குபவர்கள் இதைப் பெரும்பாலும் பிறகுதான் உணர்கிறார்கள்.

கடைப் பம்ப்பை வீட்டு மேசையில் வைக்க முடியாது. மின்காந்தத்தில் அதிரும் சின்ன பிஸ்டன் கொண்ட அதிர்வுப் பம்ப் மலிவாகவும் கையடக்கமாகவும் கிடைத்ததால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 1977இல் வந்த ‘பேபி காஜ்ஜியா’ இந்த வகையில் முன்னோடி. 1991இல் வந்த ‘காஜ்ஜியா கிளாஸிக்’ கடை அளவான 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டரையே வீட்டுக்குக் கொண்டுவந்தது. பெட்டிகளின் மேல் இன்று பெரிய எழுத்தில் அச்சாகும் ‘15 பார்’ என்பது இத்தகைய பம்ப்பின் உச்சத் திறன். காபிக்கு வேண்டியது ஒன்பது. 1998இல் தொடங்கிய இத்தாலியத் தேசிய எஸ்பிரெஸோ நிறுவனம் வகுத்த அளவும் அதுவே: ஏழு கிராம் தூள், சுமார் 88 டிகிரி நீர், ஒன்பது பார், 25 விநாடி, 25 மில்லிலிட்டர். பதினைந்தைப் பார்த்து இயந்திரம் வாங்குவது வீண்.

அழுத்தம் இப்படி மலிவானபின் குறையாகத் துருத்தி நின்றது சூடுதான். 1997இல் வந்த ‘ரான்சிலியோ சில்வியா’வில் 300 மில்லிலிட்டர் பித்தளைப் பாய்லர், தெர்மோஸ்டாட் கட்டுப்பாடு. தெர்மோஸ்டாட் பாய்லரைச் சூடேற்றி அணைத்து மறுபடி ஏற்றுவதற்குள் பல டிகிரி ஏறி இறங்கும். சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்தபின் இத்தனை விநாடி எண்ணிக் காபி இறக்குவது என்று ஒரு கைப்பழக்கமே உருவானது. பொறுமை இழந்த ஆர்வலர்கள் சூட்டை நிலையாக வைக்கும், தொழிற்சாலை உலைகளுக்கான பிஐடி கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கிக் கம்பி இழுத்துப் பொருத்தினார்கள். பிற்பாடு நிறுவனங்களே அதை உள்ளே வைத்து விற்றன. காபிக்கு ஒன்று, பால் நுரைக்க ஒன்று என இரண்டு பாய்லர் வைக்கும் முறையை ஃபிளாரன்ஸின் லா மர்சோக்கோ 1970இலேயே கடைகளுக்குச் செய்திருந்தது. வீட்டு மேசைக்கு அது பரவலாக வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

தொல்லையே வேண்டாம் என்றவர்களுக்கு வேறு பாதை திறந்தது. சயேக்கோ 1985இல் அரைப்பது முதல் வடிப்பது வரை தானே செய்யும் இயந்திரத்தையும், நெஸ்லேயின் நெஸ்பிரெஸோ 1986இல் அலுமினியக் கேப்சூலையும் கொண்டுவந்தன. கேப்சூல் விற்றுத் தீர்த்தது வசதியை. தூளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவரிடமிருந்து போய்விட்டது.

காஜ்ஜியாவின் அழுத்தம் இன்னொரு விளைவையும் தந்தது. நம் ஃபில்டரில் நீர் தன் எடையில் மெல்ல இறங்குவதால் தூள் சற்று முன்பின் இருந்தாலும் டிகாக்‌ஷன் பொறுத்துக்கொள்ளும். ஒன்பது பார் பொறுக்காது. கொஞ்சம் பருமனானால் நீர் பத்து விநாடியில் ஓடிவிடும், கொஞ்சம் நைஸானால் அடைத்துக்கொள்ளும். அதனால் நல்ல கிரைண்டர் இல்லாத வீட்டில் விலை உயர்ந்த இயந்திரமும் பயனற்றுக் கிடக்கும். கையிருப்பில் தாராளமான பங்கை கிரைண்டருக்கு ஒதுக்குவதே விவேகம். கடையில் அரைத்த தூளோடு சமாளிக்க உற்பத்தியாளர்கள் போர்ட்டாஃபில்டருக்குள் வைக்க ஒற்றைத் துளை கொண்ட இரட்டை அடிக் கூடைகளைத் தருகிறார்கள். அவை காட்டும் நுரையில் அந்தத் துளையின் பங்கே அதிகம்.

பராமரிப்பிலும் ஒவ்வொரு தலைமுறையும் தன் தடயத்தை விட்டிருக்கிறது. லீவர் இயந்திரத்தில் மீந்த அழுத்தம் வெளியேற வழியில்லை; அவசரப்பட்டுக் கைப்பிடியைக் கழற்றினால் ஈரத்தூள் முகத்தில் தெறிக்கும். பம்ப் இயந்திரங்களில் இதற்காக வைத்த மூவழி வால்வு அழுத்தத்தோடு காபி எண்ணெயையும் கசடையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எனவே அடைத்த கூடையைப் போட்டு, அதற்கான சோப்புத்தூளால் நீரைத் திருப்பி அனுப்பிக் கழுவுவது அவற்றுக்கு வழக்கமான வேலை. இ61 தலையின் கேம் தண்டுக்கு உணவுத்தர கிரீஸ் வேண்டும். பிஸ்டன் ரப்பர் வளையமும் தலையின் கேஸ்கெட்டும் சூட்டில் இறுகி வெடிக்கும். கைப்பிடி வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பினாலோ ஓரத்தில் நீர் கசிந்தாலோ மாற்ற வேண்டிய நேரம்.

எல்லாவற்றிலும் பொதுவான எதிரி கடின நீர். சுண்ணாம்புப் படிவு குழாயை அடைத்து, சூட்டை அளக்கும் உறுப்பையும் ஏமாற்றிவிடும். சிட்ரிக் அமிலக் கரைசல் படிவைக் கரைக்கும். அலுமினியப் பாய்லரில் அது நெடுநேரம் நின்றால் உலோகத்தையே அரிக்கும். வினிகர் வாடையை விட்டுப்போகும். ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பயந்து முழுக்க ஆர்.ஓ. நீரையே ஊற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாய்லரில் நீர்மட்டத்தை மின்கடத்தலால் உணரும் மாடல்கள் உப்பே இல்லாத நீரை இருப்பதாகக் காணாமல் தொடர்ந்து நிரப்பிக்கொண்டே போகலாம், காபியும் சப்பென்று இருக்கும். அதில் கொஞ்சம் சாதாரணக் குடிநீரைக் கலந்து ஊற்றினால் இரண்டு குறையும் தீரும்.