குடலுக்குள் எத்தனை பேர்?

பொறியாளனுக்கு எதற்குக் குடல் கிருமி என்கிறீர்களா? இது அளவெடுத்த வரலாறுங்க, அதனால்தான்.

1960களில் தென்னிந்திய கிராமங்களில், தின்றது உடம்பில் ஒட்டாத ‘ஸ்ப்ரூ’ எனும் வயிற்றுப்போக்கு பரவியது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் செல்வின் பேக்கர், டாக்டர் வி.ஐ. மாத்தன் குழுவினர் நோயாளிகளின் குடலிலிருந்த பாக்டீரியாவை வளர்த்து எண்ணி, 1972-இல் வெளியிட்டார்கள். வளர்க்க முடியாத கிருமி கணக்கில் வராதே!

1977-இல் அமெரிக்காவின் கார்ல் வூஸ், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு உயிர்களை வகை பிரித்தார். பின்னாளில் அதற்கான மரபணுவின் டி.என்.ஏ. வரிசையைப் படித்தே, வளராத கிருமியையும் அடையாளம் கண்டார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல். நம்ம புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாயில் பாதி கெண்டை, பாதி கெளுத்தி என்றால் மொத்த மீன் எத்தனை? தெரியாது. டி.என்.ஏ. வரிசை காட்டுவதும் விகிதம்தான். கெளுத்தி செத்தால், கெண்டை பெருகியதுபோலத் தோன்றும்! 2017-இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் பாக்டீரியா செல்களைத் தனியே எண்ணி, விகிதத்தோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

தம்பி தங்கைகளே, எங்கே சதவீதம் கண்டாலும் ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். கண்மாய்க்கும் அதே கணக்கு, குடலுக்கும் அதே கணக்கு.