காட்மிய நஞ்சும் கல்லீரல் உயிரணுவும்: தாவரச் சேர்மங்களின் பாதுகாப்பு எவ்வழிப்பட்டது?

காட்மியம் உடலில் புகுந்தால் எளிதில் வெளியேறாது. மனித உடலில் அதன் அரை ஆயுள் 10 முதல் 30 ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அது பெரிதும் தேங்கும் உறுப்புகள். இரும்பு, செம்பு போல ஆக்சிஜனேற்ற நிலை மாறும் உலோகம் அன்று என்பதால், அது தனி உறுப்புகள் (free radicals) எனப்படும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளை நேரடியாக உண்டாக்குவதில்லை. கல்லீரல் உயிரணுவில் அதன் கேடு மறைமுகமானது: உயிரணுவைக் காக்கும் குளுட்டாதயோனின் கந்தகத் தொகுதியைப் பற்றி அதன் இருப்பைக் குறைக்கிறது, புரதங்களில் துத்தநாகத்தின் இடத்தைப் பிடிக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்தலைத் தடுக்கிறது.

உயிரணுவுக்குச் சொந்த அரண்களும் உண்டு. 1957இல் குதிரைச் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்ட மெட்டலோதயோனின் என்னும் புரதம், தன் 20 சிஸ்டீன்களால் 7 உலோக அயனிகளைப் பிணைக்கிறது. என்ஆர்எஃப்2 என்னும் புரதம் குளுட்டாதயோனை ஆக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. சாதாரண நிலையில் கீப்1 புரதம் அதைக் கட்டிவைத்திருக்கிறது.

தாவரச் சேர்மங்களுக்கு மூன்று செயல்வழிகள் கூறப்படுகின்றன: தனி உறுப்புகளைத் தணித்தல், உலோகத்தைப் பிணைத்தல், உயிரணுவின் அரணைத் தூண்டுதல். முதல் வழிக்கு அளவே எதிர்ச்சான்று. கல்லீரல் உயிரணுவில் குளுட்டாதயோன் 5 முதல் 10 மில்லிமோலார் வரை உள்ளது. வெங்காயத்தின் குவெர்செட்டின் குருதியில் பெரும்பாலும் குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாறி, உணவின்வழி 1 மைக்ரோமோலாருக்கும் குறைவாகவே எட்டுகிறது. ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்த காவலுக்கு இச்சிறு அளவு நேரடியாகச் சேர்ப்பது அற்பம். தூண்டுதலுக்கோ பேரளவு தேவையில்லை. 1992இல் பிராக்கோலியிலிருந்து பிரித்தறியப்பட்ட சல்ஃபொராபேன் கீப்1இன் சிஸ்டீனோடு வினைபுரிந்து என்ஆர்எஃப்2ஐ விடுவிக்கிறது. சேர்மம் மறைந்த பின்னும், அதனால் உருவான நொதிகள் நெடுநேரம் நிலைக்கின்றன.

இரண்டாம் வழி சோதனைத் தட்டில் ஏமாற்றக்கூடியது. குவெர்செட்டினும் காட்மியமும் ஒன்றாக வளர்ப்பூடகத்தில் சேர்க்கப்பட்டால், அவை வெளியிலேயே பிணைந்து உலோகம் உள்ளே செல்லாமல் போகலாம். அப்போது உயிர்பிழைத்தல் அரணின் வலிமையைக் காட்டாது. சேர்மத்தை முன்னரே கொடுத்து, கழுவி நீக்கி, பிறகு காட்மியம் இட்டு, உயிரணுவுக்குள் புகுந்த உலோகத்தையும் அளப்பதே வெளிப்பிணைப்பையும் அரண்தூண்டலையும் பிரித்துக் காட்டும். உட்புகுந்த அளவு மாறாமல் உயிரணு பிழைத்தால், அரண் வலுப்பெற்றிருக்கிறது. உயிரணுக்கள் ஒரு சாயத்தை ஒடுக்குவதைக் கொண்டு உயிர்த்திறனை அளக்கும் எம்டிடி சோதனையும் தனித்துப் போதாது. குவெர்செட்டின் அச்சாயத்தைத் தானே ஒடுக்கி, உயிர்த்திறனை மிகைப்படுத்திக் காட்டும்.

நடைமுறையில் செறிவு தனித் தடையாகிறது. மஞ்சளின் குர்குமின் குடலில் குறைவாகவே உறிஞ்சப்பட்டு விரைவில் சிதைகிறது. தட்டுகளில் வழக்கமாக இடப்படும் 10 மைக்ரோமோலாரும் அதற்கு மேலும் குருதியில் எட்டாதவை. அளவை உயர்த்துவதும் எளிய தீர்வன்று: செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி நேர்ந்ததாக 2019இல் இத்தாலியில் பதிவானது. எனவே தாவரச் சேர்மத்தின் பாதுகாப்பு, காட்மியம் புகுமுன் அரணைத் தூண்டி வைப்பதில் மட்டுமே ஏற்கத்தக்க விளக்கம் பெறுகிறது. தேங்கிவிட்ட உலோகத்தை அது வெளியேற்றும் என்பதற்கு உயிரணுச் சோதனைகள் சான்றாகா.